வண்டியை யார் ஓட்டினது?

தண்டையார்பேட்டைப் பட்டறை ஒன்றில் அந்த வண்டி நின்றது. பம்பர் இல்லை, பானட் கூரைபோல மடிந்திருந்தது, ரேடியேட்டர் இன்ஜினோடு ஒட்டிக் கிடந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி நேரத்தில் ஹார்பருக்காக வரிசை கட்டி நிற்குமே கன்டெய்னர் டிரெய்லர்கள், அதில் ஒன்றின் பின்னால் போய்ச் செருகிய வண்டி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக வண்டிச் சேதத்தைப் பார்த்து மதிப்பிடும் சர்வேயராக நான் போயிருந்தேன். கிளெய்ம் ஃபார்மில் ஓட்டியவர் பெயர் என்ற இடத்தில் உரிமையாளர் தன் பெயரையே எழுதியிருந்தார்.

அவர் ஆறடி உயரம். கதவைத் திறந்து உட்காரப் போனேன், முடியவில்லை. சீட் கடைசி வரைக்கும் முன்னால் தள்ளியிருந்தது. என் முழங்காலே ஸ்டியரிங்கில் இடித்தது. அவர் எப்படி உட்கார்ந்திருக்க முடியும்?

"அண்ணே, வண்டியை யார் ஓட்டினது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "மச்சான் சார். என்னைக் கேக்கவே இல்லை. டிவி மேல இருந்த சாவியை எடுத்துட்டுப் போயிட்டான். வேற ஆள் ஓட்டினா இன்சூரன்ஸ் வராதுன்னு சொன்னாங்க, அதான்..."

இருபது வருடத்துக்கும் மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். "வேற ஆள் ஓட்டினா வராது" என்பதைப்போல வடசென்னை வீடுகளுக்கு நஷ்டம் உண்டாக்கிய வதந்தியை நான் பார்க்கவில்லை. நம் ஊரில் பாலிசி வண்டிக்குத்தான். யார் ஓட்டலாம் என்று பாலிசியில் ஒரு பகுதி இருக்கும். யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸ் பறிக்கப்பட்டவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மச்சானிடம் லைசென்ஸ் இருந்தது. உள்ளதை எழுதியிருந்தால் பயப்பட ஒன்றுமே இல்லை. பொய் எழுதினதுதான் ஆபத்து, கிளெய்மை மொத்தமாக நிராகரிக்க அது ஒன்றே போதும்.

அன்றைக்கே வேறு ஃபார்ம் எழுதி, நடந்ததை ஒரு கடிதமாகவும் கொடுத்தார். தேய்மானம் கழித்துப் பணம் வந்தது. மூன்று வருடம் கிளெய்மே போடாமல் சேர்த்திருந்த 35 சதவீத போனஸ், அதாவது பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, மட்டும் போனது. மச்சானோடு ஆறு மாதம் பேசவில்லை என்று பின்னால் சொன்னார்.

இன்னொரு வண்டி எனக்கு இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது. ராயபுரம் கல்மண்டபம் பக்கம், விடிகாலை. காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு நடந்து வந்த அம்மாவை அந்தக் கார் அடித்திருந்தது. நான் பார்த்தபோது நம்பர் பிளேட்டில் மீன் செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன. நசுங்கிய அன்னக்கூடை ஒன்று பட்டறை மூலையில் கிடந்தது. அந்த அம்மாவுக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. ஓட்டியது உரிமையாளரின் அக்கா பையன். வயது 17.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், திருடிட்டுப் போயிட்டான்னு எழுதிக் கொடுத்தா நான் தப்பிப்பேனா?" என்றார். அடுத்த மூச்சிலேயே, "ஆனா அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

சட்டம் இந்த இடத்தில் குடும்பத்தை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 197-ஆம் பிரிவின்படி அனுமதி இல்லாமல் வண்டியை எடுப்பது குற்றம். ஆனால் கேட்டிருந்தால் உரிமையாளர் கொடுத்திருப்பார் என்று நியாயமாக நம்பி எடுத்தவரை அந்தப் பிரிவில் தண்டிக்க முடியாது. சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்த நம்பிக்கையில்தானே சாவியை எடுக்கிறார்கள்?

பையனுக்கு லைசென்ஸ் இல்லாததால் வண்டிச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட வராது என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவின் நஷ்டஈடு வேறு கணக்கு. 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்று காட்டுவது மட்டும் கம்பெனிக்குப் போதாது. உரிமையாளர் தெரிந்தே விட்டார் அல்லது தகுந்த கவனம் எடுக்கவில்லை என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும், அடிபட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று விபத்து நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். 'பே அண்ட் ரெக்கவர்' என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். அடிபட்டவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்ற இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

2019-இல் வந்த 199ஏ பிரிவு உரிமையாளருக்கு இன்னும் கடுமையானது. சிறுவன் ஓட்டினால் பெற்றவரோ உரிமையாளரோ குற்றவாளி: மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதத்துக்கு வண்டியின் பதிவு ரத்து. எனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க வேண்டியதைச் செய்தேன் என்று நிரூபித்தால் தண்டனை இல்லை.

"சாவி எங்கே இருந்துச்சு?" என்று கேட்டேன். வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஆணியில்.

"இதுக்கு முன்னாடி அவன் ஓட்டியிருக்கானா?"

தலையைக் குனிந்துகொண்டார். "ஞாயித்துக்கிழமைல நான்தான் சார் கத்துக் கொடுத்தேன்."

அதற்கு மேல் 'அனுமதி இல்லாமல்' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? திருட்டு என்று எழுதாதீர்கள் என்றேன். பொய்ப் புகாரில் அந்தப் பையன் படிப்பும் போகும், ஞாயிற்றுக்கிழமை ஓட்டியதைப் பார்த்த தெரு ஜனம் சாட்சி சொன்னால் இவரும் மாட்டுவார். போலீஸில் உள்ளபடியே வாக்குமூலம் கொடுத்தார்.

ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கும் தீர்ப்பாயத்தில் வழக்கு சில வருடம் நடந்தது. கம்பெனி அந்த அம்மாவுக்குப் பணத்தைக் கட்டியது, பிறகு இவரிடம் வசூலுக்கு வந்தது. காரை விற்றுப் பாதி கட்டினார், மீதியைத் தவணையில் கட்டுகிறார். அக்காவும் தன் வளையலை அடகு வைத்து ஒரு பங்கு கொடுத்தாராம்.

அந்த அம்மா இப்போது கூடை தூக்குவதில்லை. கல்மண்டபத்தில் ஒரு முக்காலி போட்டு, மடக்க முடியாத காலை நீட்டியபடி உட்கார்ந்து மீன் விற்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவரிடம்தான் வாங்குகிறேன். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.