பயிற்சி எதில் வேண்டும் என்று யாரிடம் கேட்பது? டெல்ஃபி முறையும் ஒரு சின்னக் கணக்கும்

"உங்கள் திட்டம் பலன் தந்ததா என்று அளக்கும் மதிப்பீட்டில் உங்களுக்கு எந்தப் பயிற்சி தேவை?" என்று களப்பணியாளர்களிடம் நேரடியாகக் கேட்டால் பாதிப் பேர் எல்லாக் கட்டத்திலும் டிக் போடுவார்கள், மீதிப் பேர் எக்செல் என்று எழுதுவார்கள். ஒரு விஷயம் இருப்பதே தெரியாதவர் அதைக் கேட்க மாட்டார்.

அமெரிக்காவின் கூட்டுறவு விரிவாக்கப் பணியை (பல்கலைக்கழக அறிவை விவசாயிகளுக்கும் குடும்பங்களுக்கும் கொண்டுபோகும் Cooperative Extension) எடுத்துக்கொள்வோம். 1914 ஸ்மித்-லீவர் சட்டத்தில் பிறந்த அமைப்பு அது. மத்திய, மாநில, கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) அரசுகள் மூன்றும் பணம் தருகின்றன, மூன்றுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். களத்தில் இருப்பவர்களோ பெரும்பாலும் பயிரியல், சத்துணவு, இளைஞர் நலம் படித்து வந்தவர்கள். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணத் தெரியும். வந்தவர் ஊருக்குப் போய் எதை மாற்றிக்கொண்டார் என்று அளப்பது வேறு வித்தை.

இங்கேதான் நிபுணர்களிடம் கருத்துக் கேட்கும் டெல்ஃபி முறை உதவும். 1950-களில் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் டால்கி, ஹெல்மர் போன்றவர்கள் உருவாக்கியது. நிபுணர்களை ஒரே அறையில் உட்காரவைக்காமல், யார் சொன்னது என்று காட்டாமல், சுற்றுச் சுற்றாகக் கேட்பதுதான் அதன் சாரம். மூத்த பேராசிரியர் வாய் திறந்ததும் மற்றவர் தலையாட்டும் வழக்கம் இதில் குறையும்.

கடைசிச் சுற்றில் 15 பேர் வேண்டுமென்றால் 20 பேருக்கு மேல் வைத்துத் தொடங்குங்கள். இடையில் ஆட்கள் கழன்றுகொள்வார்கள். எல்லாரும் பல்கலைக்கழக மதிப்பீட்டு நிபுணர்களாக இருந்தால் பட்டியல் புள்ளியியல் பாடத்திட்டம் போலவே வரும். மாவட்ட மேலாளர்களும், கைதேர்ந்த களப்பணியாளர் சிலரும் கட்டாயம் இருக்கட்டும்.

முதல் சுற்றில் ஒரே ஒரு திறந்த கேள்வி: "தன் திட்டத்தை மதிப்பிட ஒரு களப்பணியாளருக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும்?" நூற்றுக்கணக்கில் பதில் வரும். ஒன்றுபோல் இருப்பதைச் சேர்த்து 40-க்குள் சுருக்க வேண்டும். ஆய்வு கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "தரவுச் சேகரிப்பு, பகுப்பாய்வு" என்று இரண்டை ஒரே வரியில் கோத்துவிட்டால், கிடைக்கும் மதிப்பெண் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. "மதிப்பீட்டு மனப்பான்மை" போன்ற வரிக்கு எல்லாரும் 5 கொடுப்பார்கள். அதை வைத்து ஒரு மணி நேர வகுப்புகூட எடுக்க முடியாது. "பயிற்சிக்கு முன்னும் பின்னும் கேட்கும் கேள்வித்தாள் எழுதுதல்" என்று, கையால் செய்யும் வேலையாக எழுதுங்கள். இருவர் தனித்தனியே வகைப்படுத்தி ஒப்பிட்டால் பிழை குறையும்.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றின் முக்கியத்துவத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மூன்றாவதில் குழுவின் நடு மதிப்பு, அவரவர் முன்பு தந்த மதிப்பெண், மற்றவரிலிருந்து மாறுபட்ட மதிப்பெண் தந்தவர் சொன்ன காரணம் மூன்றையும் காட்டி மறுபடி கேட்பது. காரணத்தைக் காட்டாமல் நடு மதிப்பை மட்டும் அனுப்பினால் ஆட்கள் சும்மா நடுவுக்கு நகர்வார்கள். அது ஒருமித்த கருத்து ஆகாது, சலிப்பு. எதை ஒப்புதல் என்பது (எடுத்துக்காட்டாக, 75 விழுக்காட்டினர் 4 அல்லது 5 தருவது) முதல் சுற்றுக்கு முன்பே எழுதி வைக்கப்பட வேண்டும்.

இத்தனையும் முடிந்தபின் கையில் இருப்பது எது முக்கியம் என்ற பட்டியல்தான். எதில் குறை என்பது இன்னும் தெரியாது. பலர் இந்தப் பட்டியலையே பயிற்சித் தேவை என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். அடுத்த படி 1980-இல் கல்வி ஆய்வாளர் போரிச் முன்வைத்த கணக்கு. அதே வரிகளை ஊழியர்களிடம் கொடுத்து முக்கியத்துவத்துக்கு ஒரு மதிப்பெண், தன் திறனுக்கு ஒரு மதிப்பெண் கேட்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சராசரி முக்கியத்துவத்தால் பெருக்குங்கள். கேள்வித்தாள் எழுதுவதில் முக்கியத்துவம் 4.6, திறன் 2.8 என்றால் 1.8 × 4.6 = 8.28. இன்னொன்றில் 3.2-க்கு 1.4 என்றால் இடைவெளி அதே 1.8தான், ஆனால் விடை 5.76; அது பின்னால் போகும். 4.9-க்கு 4.5 என்றால் 1.96 மட்டுமே. நிபுணர் பட்டியலில் முதலிடம் பிடித்தது இங்கே அடிமட்டத்துக்கு வந்துவிடலாம்.

திறனுக்குத் தனக்குத்தானே போடும் மதிப்பெண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பத்து வரியில் ஒரு திட்ட விவரம் கொடுத்து, விளைவை அளக்க ஒரே ஒரு அளவுகோல் எழுதச் சொல்லுங்கள். "பங்கேற்றோர் எண்ணிக்கை" என்று எழுதியவர் தனக்கு 4 போட்டிருந்தால், பயிற்சியை எங்கே தொடங்குவது என்பது தெரிந்துவிடும்.