கட்டுத்தரையிலிருந்து ஒரு போன்

படப்பிடிப்பில் சவுண்ட் ஆளுக்கு யாரும் நாற்காலி போட மாட்டார்கள். கேமராவுக்குக் குடை பிடிக்கவே இரண்டு பேர் இருப்பார்கள். நாங்கள் ஏதாவது சுவரோரம் சவுண்ட் மிக்சர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருப்போம். 'சைலன்ஸ்' என்று கத்தும்போது மட்டும் எல்லோருக்கும் எங்கள் ஞாபகம் வரும்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீடு, கடை, படித்த பள்ளிக்கூடம் எல்லாம் தமிழ். கொச்சிக்கு வேலைக்குப் போனால் தமிழன் என்பார்கள். கோயம்புத்தூரில் போய் நின்றால் "நீங்க மலையாளிங்களா?" என்பார்கள். இரண்டு பக்கமும் தலையாட்டிப் பழகிவிட்டது. இளம் மலையாள இயக்குநர் ஒருவர் போன் செய்து, "சேட்டா, உங்க ஊர்ப் பக்கமே ஒரு படம். பெத்த மகனை மகனில்லைன்னு சொல்ற ஒரு அம்மாவோட கதை" என்றபோது, சம்பளத்தைக்கூடச் சரியாகப் பேசாமல் ஒப்புக்கொண்டேன்.

கதை இதுதான். வெளிநாட்டில் வேலை பார்த்த மகன் ஆறு வருடம் கழித்து வீடு திரும்புகிறான். அம்மா உள்ளே விடுகிறாள், சோறு போடுகிறாள். இரவில் வேலைக்காரியிடம் மெதுவாகச் சொல்கிறாள்: "மூக்கு முழி எல்லாம் அவனாட்டந்தான் இருக்குது. ஆனா அவனில்ல." பாதிப் படம் வரை பார்க்கிறவர்களும் அவனைத்தான் சந்தேகப்பட வேண்டும். பேய் கிடையாது, ரத்தம் கிடையாது. ஒரு பழைய தொட்டிக்கட்டு வீடு, மூன்று பேர், அவ்வளவுதான்.

வீடு வேலந்தாவளம் போகும் வழியில், பனங்காட்டுக்கு நடுவே இருந்தது. வாடகை குறைவு என்று ஆனி, ஆடியில் எடுத்தார்கள். பாலக்காட்டுக் கணவாயைத் தெரிந்தவர்கள் அந்த மாதத்தில் மைக்கை வெளியே எடுக்கவே யோசிப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கும் அந்த இடைவெளி வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று கொங்குநாட்டுக்குள் நுழைகிறது. மைக்குக்கு ரோமச் சட்டை போட்டாலும் காற்று உள்ளே வந்து உறுமும். அதைவிட மோசம் பனை. காய்ந்த ஓலை ஒன்றோடொன்று உரசினால் யாரோ பாதம் தேய்த்து நடப்பது மாதிரியே இருக்கும். முதல் வாரம் ஒவ்வொரு டேக்கிலும் நான் கையைத் தூக்கினேன், எல்லோரும் என்னை முறைத்தார்கள். ஒருநாள் இயக்குநர் என் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் அசையாமல் நின்றார். அப்புறம், "இந்தச் சத்தம் இருக்கட்டும் சேட்டா, மியூசிக் வேண்டாம்" என்றார். அந்தப் படத்தில் பார்ப்பவர்களைத் தூங்கவிடாமல் செய்தது எங்கள் ஊர்ப் பனைதான். கூலி வாங்காத கலைஞன்.

அம்மாவாக நடித்தவர் கோவையில் பல வருடம் மேடை நாடகம் போட்டவர். ஓய்வு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெற்றிலை போடுவார். ஒருநாள் சொன்னார்: "தமயந்தி முன்னால அஞ்சு நளன் வந்து நின்னாங்கல்ல தம்பி. கண்ணு இமைக்குதா, காலு தரையில படுதா, மாலை வாடுதான்னு பாத்து அவ ஆளைக் கண்டுபிடிச்சுட்டா. இந்தம்மாளும் அதையேதான் பண்றா. ஆனா இவ பாக்கறது எல்லாமே சரியா இருக்குது. அப்பவும் இவளுக்கு அவனில்ல." திரைக்கதையை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். அது எதனால் பயமாக இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

கோவையிலிருந்து மனநல மருத்துவர் ஒருவரும் ஒருநாள் வந்து போனார். நெருங்கியவர்களையே போலி என்று நம்பும் இந்த நோயை 1923இல் பாரிசில் ஜோசப் காப்கிரா என்ற மருத்துவரும் அவருடைய உதவியாளரும் முதலில் விவரித்து எழுதினார்கள் என்றார். தன் குடும்பத்தாரை எல்லாம் எடுத்துவிட்டு அவர்களைப் போலவே இருக்கும் வேறு ஆட்களை வைத்துவிட்டார்கள் என்று ஒரு பெண் அவர்களிடம் புகார் சொல்லியிருக்கிறாள். அப்புறம் வி.எஸ். ராமச்சந்திரனைப் பற்றிப் பேசினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன நரம்பியல் அறிஞர். அவரும் வில்லியம் ஹர்ஸ்டைனும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் வருகிறவன் ஒரு இளைஞன். விபத்தில் தலையில் அடிபட்டுப் பிழைத்தவன், பெற்றவர்களைப் பார்த்து 'நீங்கள் போலி' என்கிறான். முகத்தை அடையாளம் காணும் மூளைப் பகுதி கெடவில்லை. அங்கிருந்து உணர்ச்சிப் பகுதிக்குப் போகும் இணைப்புதான் அறுந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. நமக்குப் பிரியமானவர்களைப் பார்த்தால் தோலில் நுண்ணிய வியர்வை கசியும், அதைக் கருவியால் அளக்கலாம். அந்த இளைஞனுக்கு அம்மா முகத்தைப் பார்த்தபோது அது சரியாக ஏறவில்லை. முகம் தெரிகிறது, ஆனால் நெஞ்சில் எதுவும் அசையவில்லை. அப்படியானால் இது அம்மாவாக இருக்க முடியாது என்று மூளை தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொள்கிறது.

இதுவரை மிக்சரைத் துடைத்துக்கொண்டே கேட்டிருந்த நான், அடுத்து அவர் சொன்னதில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போனில் பேசினால் அந்த இளைஞனுக்கு அம்மா அம்மாதான், அப்பா அப்பாதான். காது வழி வேறு, அது அறுபடவில்லை. "எல்லாருக்கும் அப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது. கண் தெரியாதவங்களுக்கும் இந்த நோய் வந்திருக்கு" என்று டாக்டர் சேர்த்துச் சொன்னார். இயக்குநர் அதைக் காதில் வாங்கினாரா தெரியவில்லை. எங்கள் திரைக்கதையில் அம்மா போனிலும் "யார்றா நீ?" என்று கத்துவதாக இருந்தது. அன்று இரவே அதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

புதுக் காட்சியில் மகன் மாட்டுக் கட்டுத்தரைக்குப் போய் ஒளிந்துகொண்டு, அங்கிருந்து வீட்டு போனுக்குக் கூப்பிடுகிறான். அம்மா எடுக்கிறாள். முகம் பூத்துப்போகிறது. "எப்பக் கண்ணு வர்றே? சீக்கிரம் வந்துரு. இங்க எவனோ ஒருத்தன் உன்னையாட்டவே வந்து உக்காந்துட்டிருக்கறான். நாந் தெரிஞ்சாப்பல காட்டிக்கல." இருபதடி தூரத்தில் வைக்கோல் போருக்குப் பின்னால் அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழ வேண்டும்.

ஒரு சவுண்ட் ஆளுக்கு இப்படி ஒரு காட்சி வாழ்நாளில் ஒன்று கிடைத்தால் பெரிசு. செட்டுக்கு வாங்கிய சிவப்பு டயல் போனில் உயிர் கிடையாது. ரிசீவரைத் திறந்து உள்ளே சின்ன இயர்போன் ஒன்றை ஒட்டினேன். கட்டுத்தரையில் இருக்கும் நடிகருக்குச் சட்டையில் குத்தும் லேப்பல் மைக், அதிலிருந்து வயர்லெஸ்ஸில் எனக்கு, என்னிடமிருந்து வயரில் அந்த அம்மாவின் காதுக்கு. இரண்டு பேரும் நிஜமாகவே பேசிக்கொள்ள வேண்டும் என்பது என் பிடிவாதம். மூன்றாவது டேக்கில் அந்த அம்மா "நாந் தெரிஞ்சாப்பல காட்டிக்கல" என்று குரலைத் தாழ்த்தியபோது என் பூம் மைக் பிடிக்கும் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த வரியில் ரிசீவரைக் காதோடு இன்னும் இறுக்கிக்கொண்டு, "கேக்குதா கண்ணு? கேக்குதா?" என்றார். அது வசனத்தில் இல்லை.

எப்படி இருக்கும்? நடிகரின் டிரான்ஸ்மிட்டரில் பேட்டரி செத்துவிட்டது. மத்தியானமே ஒரு கட்டைதான் காட்டியது, பார்த்தேன், மாற்றுவோம் என்று நினைத்தேன், சாப்பிடப் போய்விட்டேன். அவர் குரலில் பாதி பதிவாகவில்லை. அந்த அம்மா அதையும் நடிப்புக்குள் இழுத்துக்கொண்டதால்தான் டேக் அவ்வளவு நன்றாக வந்தது. மறுபடி எடுத்த இரண்டும் ஒப்பேறவில்லை. இயக்குநர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நடிகர் மறுநாள் காலையில் வேறு படத்துக்குக் கிளம்பிவிட்டார்.

எடிட்டிங்குக்கு உதவியாக இருக்கட்டும் என்று மகனுடைய வரிகளை நானே பேசிக் கொடுத்தேன். பைலட் டிராக், தற்காலிகம்தான். மூன்று மாதம் கழித்து நடிகர் கொச்சிக்கு வந்து டப்பிங் பேசினார். நல்ல நடிகர், தமிழையும் சிரத்தையாகக் கற்றிருந்தார். முகம் தெரியும் காட்சிகளில் ஒன்றும் உறுத்தவில்லை. முகத்தை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்தால் கோட்டயத்து மலையாளம் எட்டிப் பார்த்தது. இயக்குநர் இரண்டையும் மாறி மாறிக் கேட்டுவிட்டு என்னுடையதையே வைத்துவிட்டார். டெலிபோன் குரல் என்றால் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை விட்டுவிட்டு மேலும் கீழும் சீவிவிடுவோம். ஆண் குரலின் அடிக்கனம் பெரும்பாலும் 300க்குக் கீழேதான் கிடக்கிறது. அதை வெட்டிவிட்டால் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் பாதி போய்விடும். ஆக, படத்தில் அந்தத் தாய் தன் மகன் என்று நம்பி உருகுவது என்னிடம். அவள் சந்தேகப்பட்ட ஆளும் இல்லை, எதிர்பார்த்த ஆளும் இல்லை, மூன்றாவதாக ஒருத்தன்.

டைட்டிலில் பெயர் போடட்டுமா என்று கேட்டார்கள். எனக்கு 'மணிச்சித்திரத்தாழ்' ஞாபகம் வந்தது. 1993இல் வந்த மலையாளப் படம், ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. அவருக்குக் குரல் டப்பிங் கலைஞர் பாக்கியலட்சுமி என்றுதான் மலையாள நாடே நினைத்திருந்தது. கதாநாயகி தன்னை நாகவல்லி என்ற தமிழ் நடனக்காரியின் ஆவியாக நினைத்துத் தமிழ் பேசும் இடங்களில் குரல் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞருடையது என்று இயக்குநர் பாசில் சொன்னது 2016இல். இருபத்துச் சொச்சம் வருடம் ஒரு மாநிலமே இரண்டு குரலை ஒரு குரலாகக் கேட்டிருக்கிறது. (மலையாளப் படத்தில் பேய் பிடித்தால் தமிழ்தான் வருகிறது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும் மனக்குறை. அது வேறு கதை.) அந்தத் துர்காவுக்காக எத்தனையோ டீக்கடையில் சண்டை பிடித்தவன் நான். என் முறை வந்தபோது, "வேண்டாம் சார், நடிகருக்குச் சங்கடம்" என்றேன். பேட்டரி விஷயம் யாருக்கும் தெரிய வேண்டாம் என்பதுதான் நிஜமான காரணம்.

படம் ஓடிடியில் வந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே பார்த்தாள். எனக்குத் திரையைப் பார்க்கத் தோன்றவில்லை. கட்டுத்தரைக் காட்சி வந்தது. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அவள் காதில் கேட்கிற அதே குரல் டிவியிலிருந்து "அம்மா, நான்தான்" என்றது. அம்மாவின் கை நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"பாவம் அந்தப் பையன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "நல்லாப் பேசறான். நம்மூருப் பேச்சு அப்படியே வருது. எந்த ஊருக்காரனாம்?"

"இந்தப் பக்கந்தாம்மா."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னாள்.