படகு வாங்கப் பணம் கிடைக்கும், படகை ஓட்டத்தான் கிடைக்காது

அமெரிக்கப் பல்கலைக்கழகப் படகுத்துறைகள் சிலவற்றில் வேடிக்கையான காட்சி ஒன்று உண்டு. ஒரு பக்க அடுக்கில் பெண்கள் அணியின் புத்தம்புதுப் படகுகள் இருக்கும். எதிர் அடுக்கில் ஆண்கள் அணியின் படகுகள், யாரோ ஓட்டித் தள்ளிவிட்டவை. 1972-இல் வந்த டைட்டில் ஒன்பது சட்டம்தான் இதற்குப் பெரிய காரணம். கல்வி நிறுவனங்களில் விளையாட்டு உட்பட எதிலும் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்பது அது. அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றே நூறு ஆண்களைச் சேர்த்துக்கொள்ளும். அதை ஈடுகட்டப் பெண்களை அதிகம் சேர்க்கும் விளையாட்டு வேண்டுமென்றால் துடுப்புப் படகோட்டத்துக்கு நிகர் இல்லை. 1997 முதல் பெண்களுக்கு, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் சாம்பியன்ஷிப் நடக்கிறது. ஆண்கள் துடுப்பு இன்றுவரை அந்த அமைப்புக்குள் வரவில்லை. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் காசில் நடத்துகின்றன, மற்ற இடங்களில் அது மாணவர் கிளப்தான். பொருளாளரும் மாணவரே, வருடத்துக்கு ஒருவர் மாறுவார். இந்தப் பதிவு அந்தப் பொருளாளருக்கானது.

முதலில் சந்தா. செப்டம்பரில் 50 பேர் சேருகிறார்கள், பருவத்துக்குத் தலைக்கு 900 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு இரண்டு பருவம், 90,000 என்று எழுதிவிடுவார்கள். பிப்ரவரியில் எண்ணிப் பார்த்தால் 32 பேர்தான் மிஞ்சியிருப்பார்கள். விடிகாலை ஐந்து மணிக் குளிரும் எர்கோமீட்டர் என்ற துடுப்புப் பயிற்சி இயந்திரமும் மீதிப் பேரைத் துரத்தியிருக்கும். இரண்டாம் பருவத்துக்கு அவர்கள் மட்டுமே கட்டுவதால் கைக்கு வருவது 73,800. துண்டு 16,200. அதற்குள் வசந்த காலப் பயணத்துக்குப் பேருந்து பிடித்து முன்பணமும் கட்டியாகிவிட்டது. அதனால் புதியவர்களில் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். பயணப் பணத்தைச் சந்தாவில் கலக்காமல், ஊர் புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே தனியாக வாங்கிவிடுங்கள்.

மாணவர் பேரவை நிதி வரும். ஆனால் பெரும்பாலும் செலவு செய்து ரசீது கொடுத்தால்தான் வரும். நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்காதது போய்விடும். சாப்பாட்டுக்கும் பயிற்சியாளர் சம்பளத்துக்கும் பல இடங்களில் அந்தப் பணத்தைத் தொட முடியாது. கிளப்பின் பெரிய செலவோ பயிற்சியாளர்தான். சந்தாப் பணத்தை முதலில் அவருக்கு ஒதுக்கிவிட்டு, போட்டி நுழைவுக் கட்டணம், பயிற்சியாளர் கூடவே வரும் மோட்டார் படகின் பெட்ரோல், சர்வீஸ் போன்ற ரசீது கிடைக்கும் செலவுகளைப் பேரவைப் பக்கம் தள்ளுவதுதான் புத்திசாலித்தனம்.

பயணச் செலவு அமெரிக்கக் கல்லூரிப் படகோட்டத்தோடு கூடவே பிறந்தது. 1852-இல் ஹார்வர்டும் யேலும் வின்னிபசாக்கி ஏரியில் மோதியபோது மாணவர்கள் கையைவிட்டு ஒரு காசு போகவில்லை. அந்த ஏரிக்குப் போகும் வழித்தடத்துக்கு விளம்பரம் வேண்டுமென்று ரயில் கம்பெனி எல்லாச் செலவையும் ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு அப்படி யாரும் வருவதில்லை. படகுகளை ஏற்றிச் செல்லும் டிரெய்லர் விஷயத்தில் பலரும் கோட்டைவிடுவது காப்பீட்டில். வண்டிக்கான பாலிசி மேலே கட்டியிருக்கும் படகுகளுக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்வார்கள், பல சமயம் பொருந்தாது. படகுகளுக்குத் தனிப் பாலிசி எடுங்கள். சாலையில் ஏற்படும் சேதம் அதில் அடங்குமா, தேய்மானம் கழித்த விலை கிடைக்குமா அல்லது புதிது வாங்கும் விலையா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

எட்டுப் பேர் படகு புதிதாக 50,000 டாலரைத் தாண்டும். பதினேழு, பதினெட்டு மீட்டர் நீளம், போட்டி விதிப்படி குறைந்தபட்ச எடை 96 கிலோ. அந்த எடைக்குள் விறைப்பாக நிற்க வேண்டும் என்பதால் உடல் இரண்டு மெல்லிய கார்பன் தோல்கள், நடுவே தேன்கூடு போன்ற அடுக்கு என்று இருக்கும். மிதக்கும் கட்டை மோதி விரல் நுழையும் அளவு கிழிந்தால் டேப் ஒட்டி ஓட்டுகிறார்கள். தண்ணீர் தேன்கூட்டுக்குள் ஏறி, தோல் பெயர்ந்து, படகு கனத்து, சில நூறு டாலரில் முடிய வேண்டிய வேலை சில ஆயிரத்தில் வந்து நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு படகையும் எடை போட்டுக் குறித்து வையுங்கள். திடீரென்று இரண்டு கிலோ கூடியிருந்தால் எங்கோ தண்ணீர் குடிக்கிறது. ஸ்பானரும் ஒரு செலவுதான், சிரிக்காதீர்கள். அமெரிக்கப் படகுக்கு 7/16 அங்குலம், ஐரோப்பியப் படகுக்கு 10 மில்லிமீட்டர். இரண்டும் கலந்து வைத்திருக்கும் கிளப்பில் போட்டி நாள் காலையில் சரியான ஸ்பானர் மட்டும் இருக்காது.

முன்னாள் மாணவர்களிடம் போனால் படகு வாங்கித் தருவார்கள், ஏனென்றால் முனையில் பெயர் எழுதலாம். துடுப்பைத் தாங்கும் ரிக்கர் சட்டத்தின் போல்ட்டில் யார் பெயரையும் எழுத முடியாது, அதற்குப் பணமும் வராது. ஒரு படகு 60,000 டாலர், பத்து வருடம் ஓடும் என்றால் வருடத்துக்கு 6,000 ஒதுக்க வேண்டும். அதை மூலதன நிதியின் வருமானத்திலிருந்து எடுக்க வேண்டுமானால், வருடத்துக்கு நான்கு சதவீதம் தரும் நிதியில் ஒன்றரை லட்சம் டாலர் கிடக்க வேண்டும். அதாவது படகு விலையைப்போல் இரண்டரை மடங்கு. இந்தக் கணக்கை நன்கொடையாளர் முன் வையுங்கள். அவ்வளவு முடியாதவரிடம், படகு நன்கொடையில் பத்தில் ஒரு பங்காவது பழுதுபார்ப்பு நிதிக்குப் போகட்டும் என்று கேளுங்கள். படகு கேட்டு வாங்குபவர்கள் இதைக் கேட்க மட்டும் கூச்சப்படுகிறார்கள்.

பணத்தைப் பல்கலைக்கழக அறக்கட்டளை வழியாக வாங்கினால் நன்கொடையாளர் வரிச்சலுகை கோர வழி உண்டு. ஆனால் 'படகு மட்டும்' என்று எழுதிக் கொடுத்த பணத்தை வேறு எதற்கும் எடுக்க முடியாது. கடிதத்தில் 'படகும் அதன் பராமரிப்பும்' என்று இருக்கட்டும். பெயர் எத்தனை வருடத்துக்கு, படகை விற்றால் பெயர் அடுத்த படகுக்குப் போகுமா, விற்ற காசு யாருடையது என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எட்டு வருடம் கழித்து, பெயரைச் சுரண்டி எடுத்த படகின் புகைப்படத்தோடு அவருடைய மகள் போன் செய்யும்போது, பதில் சொல்ல வேண்டியவர் அந்த வருடத்துப் பொருளாளர்.