ஆர்.சி.யில் அண்ணன் பெயர்: லேயில் போன மூன்று நாள்

லடாக்கில் லே நகரிலிருந்து நுப்ரா போகும் வழியில் உள்ள கர்துங் லா கணவாயின் உச்சிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி. சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி, இணையத்தில் பணம் கட்டி எடுத்த அனுமதித் தாளைக் கொடுத்தோம். நண்பனை உடனே விட்டுவிட்டார்கள். என் வண்டியின் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றைப் பார்த்தவர் லைசென்ஸையும் கேட்டார். இரண்டையும் அருகருகே வைத்து நிதானமாகப் படித்தார்.

"வண்டி யாருடையது?"

"என் அண்ணனுடையது."

"அப்பா பெயர் வேறு வேறாக இருக்கிறதே?"

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பத்து நிமிடம் பேசிப் பார்த்தேன், நண்பனும் பேசினான். ஒன்றும் நடக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு லேக்குப் போகச் சொல்லிவிட்டார். திண்டுக்கல்லிலிருந்து அவ்வளவு தூரம் வந்து, கண்ணெதிரே பனி மூடிய மலை நிற்கும்போது திரும்பி இறங்குவது எப்படி இருக்கும் என்று எழுதத் தெரியவில்லை. ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டேதான் இறங்கினேன்.

லடாக்கில் ஒரு நடைமுறை உண்டு. மணாலியிலோ டெல்லியிலோ வாடகைக்கு எடுத்த பைக்கில் லே வரை வரலாம். அதற்கு மேல் நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி போகவேண்டுமானால் லேயில் உள்ளவர்களிடம்தான் வாடகைக்கு எடுக்கவேண்டும். வருடத்தில் சில மாதம் மட்டுமே சுற்றுலா நடக்கிற ஊர் அது, அவர்கள் பிழைப்பே அந்த வாடகையில்தான் இருக்கிறது. எனக்கு அதில் எந்தக் குறையும் இல்லை. சொந்த வண்டிக்கு இந்தத் தடை கிடையாது. ஆனால் ஆர்.சி.யில் வேறொருவர் பெயர் இருந்தால், இது வாடகை வண்டியோ என்ற சந்தேகம் அவர்களுக்கு வந்துவிடுகிறது.

இது எனக்கு முன்பே தெரியும். அண்ணன் வண்டிதானே, ஆர்.சி., லைசென்ஸ் இரண்டிலும் அப்பா பெயர் இருக்கிறதே, கேட்டால் காட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். நான் கவனிக்காதது அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளை. அப்பா பெயர் சகரத்தில் தொடங்கும். என் லைசென்ஸில் 'எஸ்'ஸுக்குப் பக்கத்தில் ஒரு 'எச்' இருக்கிறது. அண்ணன் ஆர்.சி.யில் அந்த 'எச்' இல்லை. தமிழில் எழுதினால் ஒரே பெயர், ஆங்கிலத்தில் படிப்பவருக்கு இரண்டு வேறு மனிதர்கள். வடக்கே அண்ணன் தம்பி என்றால் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் ஒரே குடும்பப் பெயர் நிற்கும். நமக்கு இருப்பதெல்லாம் ஒற்றை எழுத்து இனிஷியல். அது எதைக் குறிக்கிறது என்றே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

பயணம் தொடக்கத்திலேயே இடறியது. எங்கள் பக்கத்திலிருந்து சண்டிகருக்கு நேராகப் போகும் ரயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான். வண்டியையும் அதிலேயே ஏற்றிவிட்டால் போதும் என்று திட்டம். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: லக்கேஜ் வேறு, பார்சல் வேறு. உங்கள் பயண டிக்கெட்டைக் காட்டி, நீங்கள் போகும் அதே ரயிலில் வண்டியைக் கொண்டுபோவது லக்கேஜ். டிக்கெட் இல்லாமலே அனுப்புவது பார்சல், இடம் இருக்கும்போதுதான் ஏற்றுவார்கள். கவுன்டரில் இருந்தவர் "பார்சலாகப் போடுங்கள், விலை குறைவு, இதே ரயிலில்தான் போகும்" என்றார். நம்பிவிட்டேன். பெட்ரோலை வடித்து, கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் வைத்து, சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டி, எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தோம். ரயில் வந்தது. சரக்குப் பெட்டி பெட்டிகளாலும் மூட்டைகளாலும் நிரம்பியது. நண்பனின் வண்டி ஏறியது. ரயில் நகரும்போது என் வண்டி மட்டும் பிளாட்பாரத்தில் தனியாக நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

சண்டிகரில் மூன்று நாள் லாட்ஜில் கிடந்தோம். தினமும் காலையில் பார்சல் ஆபீஸ் வாசலில் போய் நிற்பதுதான் வேலை. அடுத்த ரயிலில் வண்டி வந்து சேர்ந்தது, ஒரு இண்டிகேட்டர் மட்டும் உடைந்திருந்தது. ரசீதை வாங்கியதும் அதில் லக்கேஜ் என்று இருக்கிறதா என்று கவுன்டரிலேயே நின்று படியுங்கள். வண்டி எண்ணையும் சேரும் ஊரையும் அட்டையில் பெரிதாக எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள். வந்து இறங்கியதும் சீக்கிரம் எடுத்துவிடுங்கள், தாமதமானால் வார்ஃபேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்டச் சொல்வார்கள். டேங்க் காலியாக இருக்கும் என்பதால் பங்க் வரை தள்ளவும் தயாராக இருங்கள்.

சண்டிகரிலிருந்து மணாலி ஒரே நாள், நல்ல சாலை. 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் வழியாகப் போவதால் ரோத்தாங் கணவாய்க்கான பெர்மிட் தொல்லை இல்லை. தாண்டி என்ற ஊரில் பெட்ரோல் பங்க் வந்தது. அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று பலகை வைத்திருக்கிறார்கள். என் வண்டிக்கு 13 லிட்டர் டேங்க், மலை ஏற்றத்தில் லிட்டருக்கு 28 கிடைத்தால் அதிகம். கணக்குப் போட்டால் ஒரு கிலோமீட்டர் இடிக்கும்! ஆளுக்கு ஐந்து லிட்டர் கேனில் வாங்கிக் கட்டிக்கொண்டோம். யாரும் இதில் துணிச்சல் காட்டவேண்டாம்.

பாரலாச்சா லாவுக்கு முன்னும் பின்னும் பனி உருகி ரோட்டின் குறுக்கே ஓடும். காலை ஒன்பது மணிக்குள் கடந்தபோது கணுக்கால் அளவு தண்ணீர்தான். அதே இடத்தில் மதியம் முட்டி அளவு வந்ததாக, பின்னால் வந்த கேரளப் பையன்கள் நனைந்த பூட்ஸோடு சொன்னார்கள். சார்ச்சுவில் கூடாரத்தில் தங்கியது எங்கள் தவறு. 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிற இடம். இரவு முழுக்கத் தலைவலி, நண்பன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். சார்ச்சுவுக்கு முன்பே, உயரம் குறைந்த ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கி உடம்பைப் பழக்கிவிட்டு, விடியும் முன் கிளம்பி நேராக லே போய்விடுவது நல்லது. காட்டா லூப்ஸின் 21 வளைவுகள், மோரே சமவெளி, தங்லாங் லா எல்லாம் கண்ணுக்கு விருந்து. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

சரி, லேக்கு வருகிறேன். திருப்பி அனுப்பப்பட்டது ஒரு சனிக்கிழமை. அறைக்கு வந்ததும் அண்ணனைக் கூப்பிட நண்பனின் போன்தான் கைகொடுத்தது. என் சிம் ப்ரீபெய்டு, வெளிமாநில ப்ரீபெய்டு எண் லடாக்கில் வேலை செய்யாது. அவனுடையது போஸ்ட்பெய்டு. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

"அண்ணே, வண்டியை எனக்குக் கொடுத்ததாக ஒரு லெட்டர் வேணும்."

"எழுதி அனுப்புறேன்டா. நீ முதல்ல சாப்பிட்டியா?"

வெறும் கடிதம் போதாது என்று விடுதிக்காரர் சொன்னார். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கவேண்டும். மறுநாள் ஞாயிறு, ஊரில் நோட்டரி கிடைக்கவில்லை. திங்கள் மதியம்தான் கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. அப்போதும் எனக்கு நிம்மதி இல்லை. அவர் என் அண்ணன் என்பதற்கு என்ன சாட்சி? எங்கள் குடும்ப அட்டை முழுக்கத் தமிழில் இருக்கிறது. ஆதாரில் அண்ணனுக்கு அப்பா பெயரே இல்லை, முகவரி மட்டும்தான்.

அன்று மாலை கடைத்தெருவில் பிரிண்ட் எடுக்கக் காத்திருந்தபோதுதான் பாஸ்போர்ட் நினைவுக்கு வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், முகவரி மூன்றும் இருக்கும். அண்ணன் சிங்கப்பூர் போனபோது எடுத்தது ஒன்று, நான் சும்மா எடுத்து வைத்திருந்தது ஒன்று. என்னுடையதன் ஸ்கேன் மெயிலில் இருந்தது, அண்ணனுடையதை அண்ணி போட்டோ எடுத்து அனுப்பினார். இரண்டிலும் அப்பா பெயர் 'எச்'சோடு, ஒரே மாதிரி! அண்ணன் பாஸ்போர்ட்டின் முகவரியும் ஆர்.சி. முகவரியும் ஒன்று. எல்லாவற்றிலும் நான்கு நான்கு நகல் எடுத்தேன்.

செவ்வாய் காலை ஏழரைக்கு அதே சாவடி, வேறு ஆள். நோட்டரி கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்தார். பாஸ்போர்ட் நகல்களில்தான் விரல் வைத்துப் படித்தார். அப்பா பெயர் சரி. அம்மா பெயரும் ஒன்றுதானா என்று பார்த்தார். ஒரு செட்டை எடுத்து வைத்துக்கொண்டு "ஜூலே" என்று லடாக்கி வணக்கம் சொல்லிக் கையைக் காட்டினார். நண்பன் ஹாரனை அழுத்திக்கொண்டே முன்னால் போனான்.

நுப்ராவில் இரண்டு இரவு தங்கினோம். மொத்தம் ஆறு நாள் வீணாகிவிட்டதால் பாங்காங்கையும் ஹான்லேயையும் விட்டுவிட்டு இறங்கவேண்டியதாயிற்று. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஊருக்கு வந்த மறுவாரமே வண்டியை என் பெயருக்கு மாற்ற, அண்ணன் படிவம் 29-இலும் 30-இலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அப்பா பெயரை லைசென்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினேன்.