எடை ஏராவுக்கு, ஸ்டாண்ட் துணைக்கு

கரையேற்றி வைத்த படகைப் பார்த்தால், சுற்றிலும் நிற்கும் இரும்பு ஸ்டாண்டுகள்தான் அதைத் தூக்கிப் பிடித்திருப்பது போலத் தோன்றும். உண்மையில் எடை முழுவதும் ஏராவின் மேல், அதாவது கீல் எனப்படும் அடிமரத்தின் மேல், இறங்க வேண்டும். ஸ்டாண்டின் வேலை படகு சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். இதை மாற்றிப் புரிந்துகொண்டு ஸ்டாண்டுகளை முறுக்கி முறுக்கி ஏற்றுகிறவர்களின் படகில்தான் ஃபைபர் உள்வாங்கிக் குழி விழுகிறது.

முதலில் தரை. கான்கிரீட் என்றால் கவலை குறைவு. மண், சரளை, தார் எதுவானாலும் ஸ்டாண்டின் கால் மெல்ல மெல்லப் புதையும். வெயிலில் கல் போல இருக்கும் மண் இரண்டு நாள் மழையில் களியாகிவிடும். வெயில் காலத்தில் தார்த் தரையும் இளகிக் கொடுக்கும். ஒரு பக்கத்துக் கால் 2 சென்டிமீட்டர் இறங்கினாலே அந்தப் பக்கத்துப் பிடி போய்விடும். அதனால் கால்களுக்கு அடியில் 18 மில்லிமீட்டருக்குக் குறையாத ப்ளைவுட் வையுங்கள். தனித்தனித் துண்டுகளைவிட, ஸ்டாண்டின் எல்லாக் கால்களும் ஒன்றாக நிற்கிற அளவுக்கு ஒரே பலகை நல்லது. ஏராவைத் தாங்கும் கட்டை அடுக்குக்கும் இதே ஏற்பாடு வேண்டும். எடை இறங்குவதே அங்கேதானே. சரிவான இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். கட்டை வைத்துச் சமன்செய்து சமாளிக்கிற விஷயமல்ல இது.

ஏராவுக்கு அடியில் வைப்பது உறுதியான மரக்கட்டையாக இருக்க வேண்டும். 15க்கு 15 சென்டிமீட்டர் கனம், 60 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளம் இருந்தால் கையாள வசதி. ஒரு வரிசை நெடுக்கில், அடுத்தது குறுக்கில் என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஒரே திசையில் அடுக்கினால் ஒன்றின்மேல் ஒன்று உருண்டுவிடும். அடுக்கின் உயரம் அதன் அடி அகலத்தைத் தாண்டக்கூடாது. வேலை செய்ய வசதி என்று படகை உயரத்தில் வைக்கச் சொல்வார்கள்; கேட்காதீர்கள், தாழ்வாக நிற்கிற படகுதான் நிலையாக நிற்கும். உள்ளே வெற்றிடமுள்ள சிமென்ட் கல் வேண்டவே வேண்டாம். மரம் நசுங்கும், கிறீச்சிடும், விரிசல் காட்டும். எப்படியோ முன்கூட்டியே சொல்லிவிடும். அந்தக் கல்லோ எதுவும் சொல்லாமல் ஒரே நொடியில் உடைந்து கொட்டும். திடமான கான்கிரீட் கட்டை வைத்தாலும், ஏரா தொடும் மேல் வரிசை மரமாகவே இருக்கட்டும்.

கட்டையை எங்கே வைப்பது என்பதைப் படகின் அமைப்புதான் சொல்லும். நீண்ட ஏராவுள்ள மரப்படகுக்கு முன், நடு, பின் என்று பல இடத்தில் தாங்கல் வேண்டும். நடுவில் மட்டும் தாங்கினால் இரண்டு முனையும் தொங்கி முதுகு வளைந்துவிடும். ஆழமான குட்டை ஏராவுள்ள பாய்மரப் படகில் எடை ஒரே இடத்தில் குவிவதால், கட்டை அந்த ஏராவின் முன்முனை முதல் பின்முனை வரை தாங்க வேண்டும். இயந்திரப் படகில் எஞ்சின் பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும். அங்கே தாங்கல் குறைந்தால் பின்பகுதி தொய்ந்து, எஞ்சினும் காத்தாடித் தண்டும் (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்) நேர்கோடு தவறும். சுக்கான், காத்தாடித் தண்டு, அடியில் பொருத்திய ஆழமானிக் கருவி ஆகியவற்றின்மேல் கட்டையோ தூக்கும் பெல்ட்டோ படவே கூடாது. படகைத் தண்ணீரிலிருந்து எடுக்கும் முன்பே அவை எங்கே இருக்கின்றன என்று பக்கவாட்டில் டேப் ஒட்டிக் குறித்துவிட்டால் கிரேன்காரர் ஊகிக்க வேண்டியதில்லை.

இனி ஸ்டாண்ட். சிறிய படகுக்குப் பக்கத்துக்கு இரண்டு, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஒன்று என்பது குறைந்தபட்சம். 26 அடியைத் தாண்டினால் பக்கத்துக்கு மூன்றுக்குக் குறையாதீர்கள். அணியமோ பின்பக்கமோ ஏராவைத் தாண்டி நீண்டிருந்தால் அங்கேயும் தாங்கல் வேண்டும்; இல்லையென்றால் ஓர் ஆள் முனையில் ஏறி நின்றாலே படகு தலைகுனியும். ஸ்டாண்டின் தலைப்பலகை படகின் வயிற்றில் முழுதாகப் பதிய வேண்டும். ஓர் ஓரம் மட்டும் தொட்டால் எடையெல்லாம் அந்த ஓரத்திலேயே குத்தும். பலகைக்கு நேர் உள்ளே குறுக்குத் தடுப்போ விலாச் சட்டமோ இருக்கும்படி இடம் தேர்ந்தெடுங்கள். உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தால் தெரியும்: கெட்டியான சத்தம் வருகிற இடம் சரி, பறை போல ஒலிக்கிற இடம் கூடாது. ஸ்டாண்டை உயர்த்தும் திருகு எவ்வளவு வெளியே வருகிறதோ அவ்வளவு ஆட்டம். ஓர் அடிக்கு மேல் திருக வேண்டியிருந்தால் அந்த ஸ்டாண்ட் குட்டை என்று அர்த்தம், உயரமானதை எடுங்கள். கால் வளைந்தது, வெல்டிங்கில் துரு தின்றது எதையும் வாங்கி வைக்காதீர்கள்.

சங்கிலிதான் பலரும் விட்டுவிடுகிற சாமான். படகின் வயிறு சாய்வாக இருப்பதால் ஸ்டாண்டின் தலையில் விழும் அழுத்தம் அதை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். எதிரெதிர் ஸ்டாண்டுகளை ஏராவுக்கு அடியில் ஒரே சங்கிலியால் பூட்டினால் இடப்பக்கத் தள்ளுதலும் வலப்பக்கத் தள்ளுதலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சங்கிலி தொய்வில்லாமல் இருக்க வேண்டும். கயிறு நனைந்து காயும்போது இழுபடும், சங்கிலிக்கு அது ஈடாகாது.

இறக்கும் வரிசையும் முக்கியம். கிரேன் பெல்ட்டில் படகு தொங்கும்போதே கட்டைகளை அடுக்கி, மெதுவாக ஏராவை உட்கார வைக்க வேண்டும். பெல்ட் எடையைப் பாதி தாங்கிக்கொண்டிருக்கும்போதே ஸ்டாண்டுகளை எதிரெதிர் ஜோடியாகச் சேர்த்துச் சங்கிலி பூட்ட வேண்டும். இரண்டு பக்கமும் மாறி மாறி, கையால் இறுகும்வரை திருகி, அதற்குமேல் ஒரு சிறு திருப்பு, போதும். அப்புறம்தான் பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். தளர்த்தியதும் கட்டைகள் கொஞ்சம் அமுங்கும், ஸ்டாண்டுகளை மறுபடி பாருங்கள். ஏராக் கட்டையைச் சுத்தியலால் லேசாகத் தட்டும்போது அது நகர்ந்தால் எடை ஸ்டாண்டுக்குப் போய்விட்டது என்று பொருள்.

அணியம் சற்றே உயர்ந்திருக்கட்டும், மழைநீர் பின்னால் ஓடி வடியும். வடிகால் மூடியைக் கழற்றிக் கண்ணில் படுகிற இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். திரும்பத் தண்ணீரில் இறக்கும்போது மறக்காமல் இருக்க. சருகு அடைத்துக்கொண்ட பின்தளத்தில் 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மழைநீர் தேங்கினால் அதுவே 900 கிலோ. யாரும் கணக்கில் சேர்த்திருக்காத எடை அது.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளுதல் நான்கு மடங்காகும். பாய்மரம் நிற்கிற படகென்றால் பாய்களைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள், சுருட்டி வைத்ததையும் சேர்த்து. தார்ப்பாயின் கயிற்றை ஸ்டாண்டில் கட்டவே கட்டாதீர்கள். காற்றில் தார்ப்பாய் படபடக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டைச் சுண்டி இழுக்கும், ஒரு இரவில் அது நழுவிவிடும். கயிற்றைப் படகின் அடியில் சுற்றி மறுபக்கத்தில் கட்டுங்கள். ஏணியையும் படகோடு கட்டுங்கள், ஸ்டாண்டோடு வேண்டாம்.

தலைப்பலகை மறைத்த இடத்தில் பெயின்ட் அடிக்க ஸ்டாண்டை நகர்த்த வேண்டிவரும். கூடுதல் ஸ்டாண்ட் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி, இறுக்கி, சங்கிலி பூட்டிய பிறகே பழையதைத் தளர்த்தலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான். படகுக்குள் யாரும் இருக்கக்கூடாது. இடத்தில் இதற்கென ஆட்கள் இருந்தால் அந்த வேலையை அவர்களிடமே விடுங்கள்.

வாரம் ஒருமுறையும், பெருங்காற்று, பெருமழைக்கு அடுத்த நாளும் சுற்றிவந்து ஒவ்வொரு ஸ்டாண்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள். திருகும் அதன் மரைக் கொண்டையும் சேருமிடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், தானாகச் சுழன்றிருப்பது தூரத்திலிருந்தே தெரியும். உள்ளே அறைக் கதவு திடீரென்று இழுபட்டுத் திறந்தால் கதவின் கீலுக்கு எண்ணெய் தேடாதீர்கள். படகின் உடல் நெளிந்திருக்கிறது, கீழே இறங்கி ஏராக் கட்டைகளைத் தட்டிப் பாருங்கள்.