வெளிச்சம் குறைந்த அறைக்கு முதலில் போங்கள்

பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் புதுக் கண்காட்சி என்றால், பெரிய கூடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நேராக வெளிச்சம் குறைந்த சின்ன அறைக்குப் போய்விடுவேன். நீர்வண்ண ஓவியங்கள், அச்சுப் படங்கள், பழைய புகைப்படங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். நானும் நீர்வண்ணத்தில் வரைகிறவள். காகிதத்தில் வண்ணம் எவ்வளவு சீக்கிரம் வெளுக்கும் என்று தெரியும்.

எண்ணெய் ஓவியம் அடுத்த வருடமும் அநேகமாக அதே சுவரில் இருக்கும். காகித ஓவியத்தை மூன்று நான்கு மாதம் மாட்டிவைப்பார்கள். அதன்பின் வருடக்கணக்கில் பெட்டிக்குள் இருட்டில் கிடக்கும். வெளிச்சத்தால் வெளுத்த சாயம் எத்தனை வருடம் இருட்டில் வைத்தாலும் திரும்பாது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. அறையில் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சம்தான் வைப்பார்கள். உள்ளே வந்தவுடன் 'ஒன்றும் தெரியவில்லையே' என்று திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது. கொஞ்ச நேரம் நின்றால் கண் பழகிவிடும்.

வெளிச்சம் என்ன செய்யும் என்பதற்கு ஹார்வர்டில் நடந்ததைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ அந்தப் பல்கலைக்கழகத்துக்காக வரைந்த ஐந்து பெரிய ஓவியங்களை 1964இல் ஓர் உணவுக்கூடத்தில் மாட்டினார்கள். சன்னல் வழியாக வெயில் தாராளமாக விழுந்தது. அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு வெயில் தாங்காத நிறமி. செஞ்சிவப்பாக இருந்தவை வெளுத்துப்போய், 1979இல் எல்லாவற்றையும் கழற்றிக் கிடங்கில் வைத்துவிட்டார்கள். மேலே வண்ணம் பூசிச் சரிசெய்யவும் வழியில்லை. வார்னிஷ் இல்லாத பரப்பு, பூசினால் மூலத்திலிருந்து அதைப் பிரித்தெடுக்க முடியாது.

2014இல் அவற்றை மறுபடி காட்சிக்கு வைத்தபோது தூரிகையே எடுக்கவில்லை. அந்த ஓவியங்களை 1964இல் எடுத்த வண்ணப் புகைப்படங்களும் வெளுத்திருந்ததால் முதலில் அந்தப் புகைப்படங்களின் நிறத்தைக் கணினியில் மீட்டார்கள். ராத்கோ அவற்றோடு சேர்த்து வரைந்து, மாட்டாமல் விட்டதால் நிறம் கெடாதிருந்த ஆறாவது ஓவியத்தோடு ஒப்பிட்டார்கள். எந்த இடத்தில் எந்த நிறம் எவ்வளவு குறைகிறதோ, அதை மட்டும் ஒளியாக ஓவியத்தின் மேல் பாய்ச்சினார்கள். கண்காட்சி நடந்தபோது தினமும் மாலை 4 மணிக்கு அந்த ஒளியை அணைத்தார்கள். சிவப்பு போய், வெளுத்த உண்மையான ஓவியம் தெரிந்தது. அந்தக் கண்காட்சியில் நான் மிகவும் மதிப்பது அந்த 4 மணியைத்தான். தங்கள் சுவரிலேயே நேர்ந்த இழப்பை மறைக்காமல், அதையே மாணவர்கள் படிக்கிற விஷயமாக்கினார்களே! நிறமியை ஆராய்கிற ஆய்வகமும் ஓவிய வரலாறு படிப்பவர்களும் ஒரே வளாகத்தில் இருப்பதால் கிடைக்கும் நன்மை இது.

சரி, கண்காட்சி முடிந்துவிட்டால்? பல பல்கலைக்கழக அருங்காட்சியகங்களில் படிப்பறை உண்டு. ஹார்வர்டிலேயே முன்பதிவு செய்தால் மாணவர் அல்லாதவர்களும் பெட்டிக்குள் இருக்கும் ஓவியத்தை வரவழைத்து, மேசை மேல் வைத்துப் பார்க்கலாம். கண்ணாடிச் சட்டமில்லாமல் பார்க்கும்போது காகிதத்தின் சொரசொரப்பும் அழித்த பென்சில் கோடும்கூடத் தெரியும். பிடித்த ஓவியத்தின் சேர்க்கை எண்ணை (அருங்காட்சியகம் ஒவ்வொரு படைப்புக்கும் கொடுக்கும் தனி எண்) விளக்க அட்டையிலிருந்து குறித்துக்கொண்டு வாருங்கள்; அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கும்.