மூன்றாம் மாடிக் கழிப்பறை

2018இல் எட்டு மாதம், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்சனில் ஒரு மென்பொருள் வேலைக்காக இருந்தேன். சென்னைக் குழுவோடு பேச வேண்டியிருந்ததால் அலுவலகத்தை விட்டுக் கிளம்ப இரவு பத்தாகிவிடும். ஆறரைக்கு மேல் எங்கள் மாடியில் இருப்பது நானும், துப்புரவு வேலைக்கு வரும் ஓர் அம்மாவும்தான். அறுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. என்னை 'பேபி' என்பார். நம் ஊர் 'கண்ணு' மாதிரி, அங்கே அது எல்லாருக்கும் பொது. நான் 'மேம்' என்பேன்.

வந்த ஊரைத் தெரிந்துகொள்ளலாமே என்று கேத்ரின் ஸ்டாக்கெட்டின் 'தி ஹெல்ப்' நாவலை அப்போதுதான் எடுத்தேன். 2009இல் வந்த நாவல். 1960களின் தொடக்கத்தில் இதே ஜாக்சனில் நடக்கிறது. வெள்ளையர் வீடுகளில் வேலை செய்த கறுப்பினப் பெண்களை, எழுத்தாளராகும் ஆசையில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண் ரகசியமாகப் பேட்டி எடுத்துப் புத்தகமாக்குகிறாள். கதை சூடுபிடிப்பது கழிப்பறையில்தான். ஐபிலீன் 17 வெள்ளைக் குழந்தைகளை வளர்த்தவள். குழந்தைக்கு அவள் ஊட்டலாம், குளிப்பாட்டலாம், மடியில் போட்டுத் தூங்க வைக்கலாம். அந்த வீட்டுக் கழிப்பறையில் மட்டும் போகக் கூடாது, நோய் தொற்றிவிடுமாம். கார் நிறுத்துமிடத்தில் அவளுக்கென்று தனியாக ஒன்று கட்டுகிறார்கள். எல்லா வெள்ளையர் வீட்டிலும் இப்படிக் கட்டச் சட்டமே வேண்டும் என்று ஹில்லி என்ற சீமாட்டி கிளம்புகிறாள்.

இதைப் படித்த வாரம்தான் ஒன்று கண்ணில் பட்டது. அந்த அம்மா எங்கள் மாடிக் கழிப்பறையைப் பளபளவென்று கழுவி, மஞ்சள் பலகையை வைத்துவிட்டு வருவார். தனக்கென்றால் லிஃப்டில் இறங்கி, சரக்கு வரும் வாசலை ஒட்டி இருந்த கழிப்பறைக்குப் போவார். பெரிய கண்டுபிடிப்புச் செய்துவிட்ட நினைப்பில், ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டேன்.

"இப்பத்தானே பேபி கழுவினேன்? மறுபடி யாரு கழுவுறது?"

அசடு வழிந்தேன். அது முழு உண்மையா, என்னை மாதிரி ஆட்களுக்காக வைத்திருக்கும் பதிலா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியாது. ஆனால் அதற்கப்புறம் கொஞ்சம் பேச ஆரம்பித்தார். அவருடைய அம்மா அந்த ஊரிலேயே வீட்டு வேலை செய்தவர். நாவலைப் படிக்கவில்லை, படம் பார்த்திருக்கிறார். சிரித்தேன், அழுதேன் என்றார். "ஆனா எங்கம்மா ஒரு வெள்ளைக்காரப் பொண்ணுகிட்ட வாயைத் திறந்திருக்கவே மாட்டாங்க."

ஏன் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்கர் எவர்ஸின் வீட்டைப் பார்க்கப் போனபோதுதான் உறைத்தது. கறுப்பின உரிமைக்காக அந்த மாநிலத்தில் அலைந்து அமைப்பு கட்டியவர். சின்ன வீடு. முன்வாசலே கிடையாது, பாதுகாப்புக்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். கார் நிறுத்துமிடத்தின் பக்கமாகத்தான் உள்ளே போக வேண்டும். 1963 ஜூன் 12 அன்று வீடு திரும்பி, காரை விட்டு இறங்கியவரை அங்கேயே சுட்டார்கள். சுட்டவனுக்குத் தண்டனை 1994இல். நாவலிலும் இந்தக் கொலை வருகிறது, பயமும் வருகிறது. ஆனாலும் ஒரு டஜன் பெண்கள் அடுத்தடுத்து வந்து மனம் திறப்பதை அந்த வீட்டைப் பார்த்த பிறகு என்னால் நம்ப முடியவில்லை. இன்னொன்றும் உறுத்தியது. பணிப்பெண்கள் சொல்லும் அத்தியாயங்கள் பேச்சு வழக்கில் இருக்கின்றன. வெள்ளைக்காரப் பெண் சொல்பவை திருத்தமான ஆங்கிலத்தில். ஜாக்சனில் வெள்ளையர் பேச்சிலும் இழுவை உண்டு, நானே தினமும் கேட்டேன்.

அந்த அம்மா சொன்னதெல்லாம் பணக் கணக்குதான். 1935இல் வந்த அமெரிக்க ஓய்வூதியச் சட்டம் வீட்டுப் பணியாளர்களையும் பண்ணைக் கூலிகளையும் வெளியே நிறுத்தியது. 1938இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வீட்டு வேலைக்காரர்களை எட்ட 1974 ஆனது. ஓய்வூதியத்துக்குள் 1950களில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் கையில் காசாகக் கொடுத்த எஜமானர்கள் பலர் கட்ட வேண்டியதைக் கட்டவே இல்லை. இவருடைய அம்மா வேலை செய்த வீட்டிலும் அதே கதை. "அம்மா செத்தப்போ அந்த வீட்டுலேருந்து பெரிய பூங்கொத்து வந்துச்சு" என்றார், குப்பைப் பையை முடிச்சுப் போட்டுக்கொண்டே. "பென்ஷனுக்குக் கட்ட வேண்டியதைத்தான் கட்டலை."

அன்றிரவு ஊருக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டில் வேலை செய்த ஆயா காலை ஏழுக்கு வந்தால் போக மதியம் ஒன்றாகும்.

"ஏம்மா, ஆயா நம்ம வீட்டுல எந்த பாத்ரூமுக்குப் போவாங்க?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஏன்டி திடீர்னு? கொல்லைப்பக்கம் எங்கயாவது போயிருப்பா."

கொல்லைக்கு 1998லேயே மதில் எழுப்பி சிமென்ட் போட்டாயிற்று. ஆயா அதற்குப் பிறகும் பதினோரு வருடம் வந்தார்.